டீசல் நினைவு நிமிடம்



ஜேர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகரிலே மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தாரின் நூதனசாலை ஒன்று உண்டு. பந்தயங்களில் வென்ற வண்டிகளும், பெரும் பதவியாளர் ஏறிச் சென்ற வண்டிகளும் அந்நிறுவனத்தாரின் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றோடு ஒரு வாடகை வண்டியும் இருக்கின்றது. அது 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 240 டி என்னும் டீசல் வண்டி. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்து வாடகை வண்டிச் சாரதியான கிரெகோரியோஸ் சசினிடிஸ் என்பவர், அதனை 2004ஆம் ஆண்டில் நிறுவனத்தாரிடம் ஒப்படைத்தார். அப்பொழுது அது ஓடியிருந்த தூரம் 46 இலட்சம் கிலோமீற்றர். பூமியை ஒருமுறை சுற்றி வர 40,000 கிலோமீற்றர் என்று கொண்டால், அந்த வண்டி நூறு தடவைக்கும் மேலாக உலகத்தை வலம் வந்திருக்கின்றது. ஒரே யந்திரத்தோடு வந்தது என்று சொல்வதற்கில்லை. யந்திரங்களை மாற்றி மாற்றிப் பூட்டி, ஒன்று ஓடும்போது மற்றொன்றைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டார் அவர். ஆயினும் வண்டி ஒன்றே, ஆளும் ஒருவரே.

அவருக்கு அது பிழைப்பு. இன்று நான் கூற எடுத்துக்கொண்டது, பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காக இத்தகைய பழைய டீசல் வண்டிகளை ஓட்டத்தில் வைத்திருப்போரின் கதை. ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இவர்கள் பலர். ஆசிரியராய், எழுதுவினைஞராய், ஓய்வு பெற்றவராய் வேறு தொழில் பார்ப்பவர்கள். வார இறுதியில் கையிலே எண்ணெயைப் பூசிக்கொண்டு, போனற்றைத் திறந்து வைத்து நிற்பார்கள். அழகிய பந்தய வண்டியை ஒருவர் பேணினால் உலகம் அவரைப் புரிந்துகொள்ளும். புகை கக்கும், மெல்ல ஓடும், உழவு யந்திரம் போல ஒலிக்கும் ஒரு வண்டியை ஏன் பேணவேண்டும்? இதற்கு விடை அந்த யந்திரத்தின் வரலாற்றில் இருக்கின்றது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லாரும் அறிவோம். அமுக்கப்பட்ட காற்றுச் சூடேறும். ரூடோல்ப் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் தம் யந்திரத்தை இந்த உண்மையின் மேலேதான் எழுப்பினார். பெற்றோல் யந்திரத்திலே எரிபொருளும் காற்றும் முன்னரே கலந்து வருகின்றன. மின்பொறி அதனைக் கொளுத்துகின்றது. டீசலின் யந்திரத்திலே முதலில் காற்று மாத்திரம் அமுக்கப்படும். அது தீயெனக் கனன்று நிற்கும் கணத்திலே எண்ணெய் உள்ளே பீச்சப்படும்; பட்டதும் பற்றிக்கொள்ளும். மின்பொறிக்கு அங்கே வேலையில்லை. 1892இல் இவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893இல் அது வழங்கப்பட்டது. 1897ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஔக்ஸ்பேர்க் யந்திரத் தொழிற்சாலையில் நடந்த சோதனையிலே, பேராசிரியர் ஷ்ரோற்றர் என்பவர் அளந்து பார்த்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 வீதத்துக்கும் சற்று மேலானது வேலையாக மாறக் கண்டார். அக்காலத்து நீராவி யந்திரங்கள் பெரும்பாலும் 10 வீதத்தை ஒட்டியே நின்றன.

ஆனால் அது மூன்று மீற்றர் உயரமான யந்திரம். எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளுவதற்கென்றே தனியாக ஒரு காற்றமுக்கி வேண்டியிருந்தது. அதனைக் கப்பலில் ஏற்றலாம், ஆலையில் நிறுவலாம். வீதியில் ஓடும் வண்டியில் வைப்பது எப்படி? அந்தக் காற்றமுக்கியைத் தொலைக்க வழி கண்டவர்களுள் முக்கியமானவர் பென்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த புரொஸ்பர் லொரான்ஜ். உருளையின் தலையிலே சிறு அறை ஒன்றை அமைத்து, எண்ணெயின் எரிவு அவ்வறையிலே தொடங்கி, அந்த வேகத்தாலேயே பெரிய அறைக்குள் சிதறும்படி செய்தார். 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சியிருந்தது ஒரு துளி எண்ணெயை, அதுவும் மிகச் சிறு துளியை, சரியான கணத்தில் சரியான அளவில் பீச்சுவது. றொபேட் பொஷ் நிறுவனத்தார் 1922இல் இந்த வேலையில் இறங்கி, 1927இல் பீச்சுபம்பைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கினர். நம் ஊர்க் கராச்சுகளில் 'டீசல் பம்ப்' என்று சொல்லப்படுவது இதன் வழிவந்ததே. அதனுள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிரின் தடிப்பு அதனிலும் பல மடங்கு பெரிது.

1936ஆம் ஆண்டு பெப்ரவரியில், பேர்லின் மோட்டார் கண்காட்சியில் 260 டி என்னும் வண்டி காட்டப்பட்டது. நான்கு உருளைகள், 45 குதிரைவலு. அதே ஆண்டிலே ஹனோமாக் என்னும் நிறுவனமும் தன் டீசல் வண்டியைக் காட்டியது. 260 டி வண்டிகள் 1940 வரையில் ஏறத்தாழ 2000 மாத்திரமே செய்யப்பட்டன. வாங்கியோரில் வாடகை வண்டிக்காரர் பலர். பெற்றோலுக்கு ஆகும் செலவை எண்ணி எண்ணிப் பார்ப்பவர்கள் அவர்களல்லவா! யுத்தம் முடிந்து, இடிபாடுகளின் நடுவே ஜேர்மனி எழுந்துகொண்டிருந்த 1949இல் வந்தது 170 டி. 38 குதிரைவலுதான். பின்னர் 180 டி, 190 டி என்று தொடர்ந்தன. பிரான்சில் பியூஜோ நிறுவனத்தாரும் 1959இல் 403 வகையிலே டீசலைப் புகுத்தினர்.

இவ்வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடன் புறப்பட முடியாது. குளிர்ந்த யந்திரத்திலே, அமுக்கிய காற்றின் சூட்டை அந்தச் சிறு அறையின் சுவர்கள் உறிஞ்சிவிடும். ஆகவே ஒவ்வோர் அறையிலும் ஒரு மின்கம்பியைப் பழுக்கக் காய்ச்சவேண்டும். 'ஹீற்றர் பிளக்' என்று நாம் கூறுவது அதனைத்தான். பழைய வண்டிகளிலே சாரதி ஒரு குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்பலகையில் இருக்கும் சிறு கம்பிச்சுருள் சிவப்பதைப் பார்த்துக் காத்திருப்பார். குளிர்காலக் காலையிலே அது நீண்ட காத்திருப்பு. ஜேர்மானியர் இக்காத்திருப்புக்கு ஒரு வேடிக்கைப் பெயர் வைத்தனர்: 'ரூடோல்ப் டீசல் நினைவு நிமிடம்'. மறைந்த பெரியாருக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செய்கின்றோமே, அதைப் போல.

வேடிக்கைதான், ஆனால் அந்தப் பெரியாரின் முடிவு வேடிக்கையானதன்று. 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் இரவு, அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்துக்குச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலிலே பயணஞ்செய்த டீசல், காலையில் காணப்படவில்லை. சில நாட்களின் பின் கடலிலே ஒரு சடலத்தைக் கண்ட டச்சு மாலுமிகள், சட்டைப் பையிலிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டனர். அப்பொருள்கள் தந்தையினுடையவை என மகன் அடையாளங் கண்டார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்று நூல்கள் பல எழுதப்பட்டுவிட்டன, முடிவு கண்டாரில்லை.

1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடைசெய்தபோது, அமெரிக்காவின் எரிபொருள் நிலையங்களில் வண்டிகள் வரிசையாய் நின்றன. 2022இல் நாம் இங்கே கண்ட வரிசைகளை நினைவிற் கொண்டால் அக்காட்சியை மனத்தில் வரைந்துகொள்ளலாம். அதுவரை டீசல் வண்டியைத் திரும்பியும் பாராத அமெரிக்கர் அதனை நாடலாயினர். 1980களின் முற்பகுதியிலே அந்நாட்டில் விற்ற மேர்சிடிஸ் வண்டிகளின் பெரும்பகுதி டீசல் வண்டிகளே. உள்நாட்டு நிறுவனம் ஒன்றும் அவசரமாகக் களத்தில் இறங்கியது. ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளிலே 1978 தொடக்கம் பூட்டப்பட்ட எட்டு உருளை டீசல் யந்திரம், பெற்றோல் யந்திரமொன்றின் அளவுகளைத் தழுவிச் செய்யப்பட்டது. உடலைத் தடிப்பாக்கினர்; தலையை இறுக்கும் போல்ற்றுகளையோ பழைய அமைப்பிலேயே விட்டுவிட்டனர். பெற்றோல் யந்திரம் காற்றை எட்டு ஒன்பது மடங்காகச் சுருக்கும். டீசல் யந்திரம் இருபது மடங்குக்கும் மேலாகச் சுருக்கும். போல்ற்றுகள் இழுபட்டன, தலைகள் கசிந்தன. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கருவியும் வைக்கவில்லை. ஆகவே பம்புகளும் துருவேறின. 1985உடன் அந்த யந்திரம் நிறுத்தப்பட்டது. டீசல் வண்டி என்றாலே முகஞ்சுளிக்கும் ஒரு தலைமுறையை அது அமெரிக்காவில் உண்டாக்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

மாறாக, 1976 ஜனவரியில் அறிமுகமாகி 1986 வரை, ஏறத்தாழ 27 இலட்சம் எண்ணிக்கையிற் செய்யப்பட்ட மேர்சிடிஸ் 123 வரிசையின் டீசல் வண்டிகளையே இன்றைய ஆர்வலர் பெரிதும் நாடுகின்றனர். வேகத்துக்காக அன்று. அவ்வரிசையின் 200 டி வண்டிக்கு 55 குதிரைவலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கு மேலாகும். அவர்கள் மதிப்பது வேறொன்று. யந்திரம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரமே வேண்டாம். பற்றரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். எல்லாம் பல்லும் சங்கிலியும் சுருள்வில்லும். எது எதனை அசைக்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டு கையால் தொடலாம்.

இனி, அந்த ஆர்வலர் செய்யும் வேலைதான் என்ன? பெரும்பகுதி அளவு பார்த்தல். வால்வுகளின் இடைவெளியை, யந்திரம் குளிர்ந்திருக்கையில், மெல்லிய தகடு கொண்டு அளப்பார்கள்: காற்று உட்புகும் வால்வுக்கு 0.10 மில்லிமீற்றர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.30. புகை வால்வின் இடைவெளி காலப்போக்கில் குறுகும். குறுகக் குறுக வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் கசியும், காலையில் யந்திரம் இருமும். ஹீற்றர் பிளக் கெட்டது என்று எண்ணிப் பலர் பணத்தைக் கரைப்பார்கள். மெய்யான நோயோ ஒரு தகட்டின் தடிப்புக்குள் இருக்கும்.

ஹீற்றர் பிளக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய வகையில் நான்கும் ஒரே மாலையிற் கோத்த மணிகள் போலத் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று எரிந்தறுந்தால் நான்கும் அணைந்துவிடும். எது அறுந்தது என்று காண ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். பின்னர் வந்த பென்சில் வடிவினவை தனித்தனியே இணைக்கப்பட்டவை. ஒன்று போனாலும் மற்றவை காயும். எரிபொருள் தீர்ந்து நின்றுபோன வண்டிக்கு எண்ணெய் ஊற்றினால் மாத்திரம் போதாது. குழாய்களிலே புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றவேண்டும். 'எயர் எடுத்தல்' என்று எங்கள் பஸ் சாரதிகள் வீதியோரத்தில் நின்று செய்வதும் இதே காரியந்தான். இன்னும் பழைய வண்டிகளின் பம்பிலே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் தோலாற் செய்த ஒரு சவ்வு இருக்கும். அதற்கு எண்ணெய் காட்டி மிருதுவாக வைத்திருக்கவேண்டும். காய்ந்து கிழிந்தால் கடிவாளமற்ற குதிரையாகி யந்திரம் தறிகெட்டுச் சுழலும். நுட்பமான உருக்கு வேலைப்பாட்டின் நடுவே ஒரு தோல் துண்டு! செருப்புத் தைப்பவருக்கும் யந்திர உலகிலே பங்குண்டு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எல்லாவற்றிலும் விந்தையானது, நிறுத்த மறுக்கும் வண்டி. டீசலில் மின்பொறி இல்லை. ஆதலால் சாவியைத் திருப்பி மின்சாரத்தை அறுத்தால் அது நிற்பதில்லை. எண்ணெயை நிறுத்தவேண்டும். 123 வரிசையிலே சாவியைத் திருப்பும்போது வெற்றிடக் குழாய் ஒன்று திறந்து, பம்பிலுள்ள தடையை இழுக்கின்றது. அதே வெற்றிடந்தான் கதவுகளின் பூட்டுகளையும் இயக்குகின்றது. ஆகவே பின்கதவின் பூட்டுக்குள் ஒரு றப்பர் வெடித்தால், முன்னேயுள்ள யந்திரம் நிற்க மறுக்கும்! வண்டிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார். வண்டி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென்றே போனற்றின் கீழே ஒரு கைப்பிடி. 'நிறுத்து' என்று எழுதியிருக்கும். அதனை அழுத்தி நிறுத்திவிட்டு, கதவிலிருந்து தேடத் தொடங்கவேண்டும்.

எண்ணெயின் கதைக்கு வருவோம். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே ஒரு டீசல் யந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. இதனை டீசலே பின்னர் எடுத்துரைத்தார். 1937இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர், மரவெண்ணெயை மதுசாரத்தோடு வினைபுரியச் செய்து மெல்லியதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம்மவர்க்கு இதிலே ஒரு நினைவு எழாமற் போகாது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்லாதிருந்த ஆண்டுகளில், பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடங்குவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோல், சிறு புட்டியிலிருந்து. அவை பெற்றோல் யந்திரங்கள்; தமக்குப் பொருந்தாத உணவை உண்டு, இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும் நம்மைச் சுமந்தன. ஏறத்தாழ அதே காலத்திலே, பசிபிக் சமுத்திரத்தின் பூகன்வில் தீவிலும் முற்றுகை. அங்குள்ளோர் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தம் டீசல் வண்டிகளை ஓட்டினர். டீசல் யந்திரத்துக்கு அது ஏறக்குறைய இயல்பான உணவு. இரு தீவுகள், இரு முற்றுகைகள். எங்கள் தீவில் தென்னைக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்திலே ஓடிய வண்டிகள்தாம் வேறு இனம்.

அமெரிக்க ஆர்வலர் சிலர் உணவுச்சாலைகளிலே பொரித்து எஞ்சிய எண்ணெயை வடித்து ஊற்றி ஓட்டினர். வடித்தாற் போதும் என்று எண்ணியவர்கள் நட்டமடைந்தனர். குளிர்ந்த தாவர எண்ணெய் தடிப்பானது. நொசிலில் சரியாகச் சிதறாது, கரியாய்ப் படியும். அறிந்தவர்கள் இரண்டு தாங்கிகள் வைத்தனர். டீசலிலே தொடங்கி, யந்திரச் சூட்டால் தாவர எண்ணெயைக் காய்ச்சி, பின் அதற்கு மாறி, நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு வந்து குழாய்களைக் கழுவி நிறுத்தினர்.

இதுவரை புகழ்ந்தேன். இனிச் சொல்வது எனக்கும் இனிமையானதன்று. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது எனத் திட்டமாக வகைப்படுத்தியது. பழைய வண்டியிலே புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி கிடையாது. தொழில்நுட்பத்தின் நேர்மையை மெச்சும் நாம், பின்னே சைக்கிளில் வரும் பிள்ளையின் மூச்சையும் எண்ணவேண்டியிருக்கின்றது. அரசுகள் வெவ்வேறு வழியிற் சென்றன. பேர்லின் முதலிய ஜேர்மானிய நகரங்கள் 2008 ஜனவரி தொடக்கம் புகை மிகுந்த வண்டிகளை நகர் நடுவே விடாது தடுத்தன. ஆனால் முப்பது ஆண்டு கடந்து, செவ்வையாகப் பேணப்பட்ட வண்டிகளுக்கு, 1997 முதல் வழங்கப்பட்டுவரும் வரலாற்று இலக்கத்தகடு இருந்தால் விலக்கு அளித்தன. டில்லியிலே 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாதென்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் வெளியே வரும் பத்து வண்டிகள் வேறு, நாள்தோறும் நெரிசலில் ஊரும் பதினாயிரம் வேறு என்று ஆர்வலர் வாதிப்பர். வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும், தன் வண்டி கரும்புகை விட்டால் அதனை வீதிக்குக் கொண்டுவரும் உரிமை தனக்கில்லை என்று தானே முடிவு செய்பவரையே நான் நல்ல ஆர்வலர் என்பேன். கரும்புகை என்பது முற்றாக எரியாத எண்ணெய். சரியாக அளவுபடுத்திய யந்திரம் அதனை மிகக் குறைவாகவே விடும்.

அந்த அளவுபடுத்தும் கலை அருகி வருகின்றது என்பதே இவர்களின் மெய்யான கவலை. 1990களின் பின் வந்த டீசல் யந்திரங்களில் மின்னணுக் கருவிகள் பீச்சுதலை ஆளலாயின. பழைய பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த எண்ணெய் வந்தபோது, பழைய பம்புகளின் றப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிந்தன. அப்பொழுது வளையத்தை மாற்றிக்கொடுக்க ஆளிருந்தனர். இனி அத்தகைய மாற்றமொன்று வந்தால்?

இலங்கையில் நிலைமை சற்று வேறு. 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழையதை ஓட்டுவது இங்கே விருப்பமன்று, தேவையாயிற்று. அக்காலத்தில் ஒருநாள், நொசிலுக்குக் கீழே வைக்கும் செப்பு வளையமொன்றைத் தேடி நான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தேன். கடைக்காரர் ஒருவர், வளையம் தன்னிடம் இல்லை என்று கூறி, சந்துக்குள் இருந்த ஒரு பம்ப் வேலைத்தலத்துக்கு வழிகாட்டினார். அங்கே முதியவர் ஒருவர் பம்பொன்றைச் சோதனை மேசையிற் பூட்டிச் சுழலவிட்டிருந்தார். அதன் நான்கு குழாய்களிலிருந்தும் எண்ணெய் நான்கு கண்ணாடிக் குழல்களில் வடிந்துகொண்டிருந்தது. மூன்று ஒரே மட்டத்தில் நின்றன. நான்காவது ஒரு கோடு தாழ்ந்திருந்தது. மேசையை நிறுத்தினார், சாவியொன்றால் எதையோ கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பினார், குழல்களைக் கவிழ்த்து வெறுமையாக்கி மீண்டும் ஓடவிட்டார். "இருங்கள் தம்பி, இது முடியட்டும், உங்கள் வளையத்தைப் பிறகு பார்ப்போம்," என்றார். ஐந்தாம் தடவை நான்கு குழல்களிலும் எண்ணெய் ஒரே கோட்டில் வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, செப்பு வளையம் இருந்த தகரப்பெட்டியைத் தேட எழுந்தார்.